சியோலுக்கு அப்புறம் மூன்று நாள்: கியோங்ஜுவா, ஜோன்ஜுவா, ஆண்டோங்கா?

தங்கை வரும் அக்டோபரில் குடும்பத்தோடு தென்கொரியா போகிறாள். அவள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பையன், கூடவே அவள் மாமியார். போக வரும் நாட்களைக் கழித்தால் கையில் எட்டு நாள். சியோலில் ஐந்து நாளைக்கு அறை எடுத்தாகிவிட்டது. “மிச்ச மூணு நாளைக்கு எங்கண்ணா போறது? ஒரு வீடியோல கியோங்ஜுங்கிறாங்க, இன்னொண்ணுல ஜோன்ஜுங்கிறாங்க. அவர் ஆபீஸ்ல ஒருத்தர் ஆண்டோங் பாக்காம வராதீங்கன்னாராம்” என்று போனில் கேட்டாள். மூன்று ஊருக்கும் நான் போயிருக்கிறேன், இரண்டு தனித்தனிப் பயணங்களில். அவளிடம் முக்கால் மணி நேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவட்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குக் கியோங்ஜு. அதுவும் காலையில் போய் மாலையில் திரும்புவதாக இல்லாமல், இரண்டு இரவு தங்கி. ஏன் என்பதற்குத்தான் மற்றதெல்லாம்.

கொரியாவில் பழையதைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த நாட்டின் பெரிய கட்டடங்கள் எல்லாம் மரத்தால் ஆனவை. மரம் எரியும். 1592-இல் ஜப்பானியப் படை வந்தபோது சியோலின் அரண்மனைகள் எரிந்து சாம்பலாயின. 1910 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியில், திரும்பக் கட்டியவற்றில் பலவற்றை இடித்தார்கள். அப்புறம் 1950-53 போர். அதனால் ‘அறுநூறு ஆண்டுப் பழமை’ என்று ஒரு பலகையில் படித்தால், அது பெரும்பாலும் அந்த இடத்தின் வயது. கண்ணெதிரே நிற்கும் தூணின் வயது வேறாக இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எரிந்ததைத் திரும்பத் திரும்பக் கட்டியதும் அவர்கள் வரலாறுதான். ஆனாலும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இங்கே எது தப்பி நின்றது? எது மறுபடி கட்டியது? எதில் இன்னும் ஆள் குடியிருக்கிறார்கள்? உங்களுக்கு இந்த மூன்றில் எது முக்கியம் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

முதலில் சியோல்: எந்த அரண்மனை?

சியோலில் ஐந்து அரண்மனைகள் உண்டு. ஐந்தையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினால் மூன்றாவதிலேயே எல்லாக் கூரையும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கேள்வி இரண்டுக்கு நடுவில்தான்: கியோங்போக்குங், சாங்டோக்குங்.

கியோங்போக்குங் 1395-இல், கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்சத்தின் முதல் அரசர் தேஜோ கட்டியது. 1592-இல் எரிந்தபின் இருநூற்றெழுபது ஆண்டுக்கு மேல் பாழாகவே கிடந்தது. 1860-களில்தான் மறுபடி எழுப்பினார்கள். அடுத்த ஐம்பது அறுபது ஆண்டில் ஜப்பானிய ஆட்சியாளர்கள் அதில் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, அரியணை மண்டபத்தை மறைக்கிற மாதிரி நேர் முன்னால் தங்கள் தலைமை அலுவலகத்தைக் கட்டினார்கள். 1926-இல் முடிந்த அந்தக் கட்டடம், விடுதலைக்குப் பிறகும் ஐம்பது ஆண்டு அங்கேயே நின்றது. 1995-இல் இடிக்கத் தொடங்கினார்கள். முன்வாயிலான குவாங்வாமுன் இப்போதைய வடிவில் 2010-இல் திறந்தது. ஆக, இங்கே பார்க்கக் கிடைப்பது ஒரு நாடு தன் அரண்மனையைத் துண்டு துண்டாக மீட்டுக்கொண்டிருக்கும் காட்சி. அந்த எண்ணத்தோடு உள்ளே போனால் புத்தம்புதிய வண்ணப்பூச்சு உறுத்தாது. பின்னால் மலை, முன்னால் அகன்ற கல்முற்றம், குளத்துக்குள் 48 கல்தூண்கள் மேல் நிற்கும் கியோங்ஹோரு விருந்து மண்டபம், காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் காவலர் மாறும் சடங்கு எல்லாம் இங்கேதான். கொரிய மரபு உடையான ஹன்போக் உடுத்தி வந்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் பாதிக் கூட்டம் வாடகை ஹன்போக்கில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

சாங்டோக்குங் 1405-இல் கட்டியது. அதுவும் 1592-இல் எரிந்ததுதான். ஆனால் இதை 1610-க்குள் திரும்பக் கட்டிவிட்டார்கள். கியோங்போக்குங் பாழாகக் கிடந்த காலம் முழுக்க அரசர்கள் வாழ்ந்தது இங்கேதான். பெயரளவில் இரண்டாம் அரண்மனை, நடப்பில் முதலாவது. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இதைத்தான். இப்போதுள்ள அரியணை மண்டபம் 1804-ஆம் ஆண்டுடையது. கட்டடங்களை நேர்கோட்டில் நிறுத்தாமல் மலைச்சரிவு போகிற போக்கிலேயே வளைத்து வைத்திருப்பதால், ஒரு வாசலைக் கடந்தால் அடுத்து என்ன வரும் என்று தெரியாது.

இதன் பின்னால் இருக்கும் தோட்டத்துக்குத் தனி டிக்கெட். வழிகாட்டியோடு மட்டும், ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் பூயோங்ஜி குளம் வருகிறது. குளம் சதுரம். நடுவில் வட்டமாக ஒரு சின்னத் தீவு, அதில் பைன் மரம். பூமி சதுரம், வானம் வட்டம் என்ற பழைய நம்பிக்கையை அப்படியே நிலத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். கரையில் ஒரு மண்டபம், அதன் இரண்டு கால் மட்டும் தண்ணீருக்குள் நிற்கிறது, யாரோ காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல. எதிரே மேட்டில் 1776-இல் ஜோங்ஜோ அரசர் அமைத்த நூலகக் கட்டடம். வாசிப்பவர்கள் மேலே, நீர் கீழே. நான் போனது நவம்பர் முதல் வாரம். எங்கள் குழுவில் முப்பது நாற்பது பேர் இருந்தும் அந்த இடத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் தயங்காமல் சாங்டோக்குங். தங்கைக்கு நான் சொன்னது: கியோங்போக்குங்குக்குக் காவலர் மாறும் நேரத்தை ஒட்டி ஒன்றரை மணி நேரம் போதும், பையனுக்குப் பிடிக்கும், சாங்டோக்குங்குக்கு அரை நாள் வை. தோட்டத்தில் ஏற்ற இறக்கம் அதிகம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம். மாமியார் தோட்டத்துக்கு வர வேண்டாம் என்று நினைத்தால் அருகிலேயே ஜோங்மியோ இருக்கிறது, ஜோசோன் அரசர்களின் மூதாதையர் ஆலயம். பெரும்பாலும் சமதரை. நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே கூரை, அதன்கீழ் வரிசையாகப் பத்தொன்பது அறைகள், முன்னால் வெறும் கல்தளம். வண்ணம் இல்லை, அலங்காரம் இல்லை. கொரியாவில் என்னைப் பேச்சற்று நிறுத்திய இடங்களில் ஒன்று. சாதாரண வார நாட்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், சனிக்கிழமை தனியாகவே சுற்றலாம்.

விடுமுறை நாளைக் கவனியுங்கள். கியோங்போக்குங்குக்கும் ஜோங்மியோவுக்கும் செவ்வாய், சாங்டோக்குங்குக்குத் திங்கள். முதல் பயணத்தில் இதைப் பார்க்காமல் போய், மூடிய வாசலில் நின்று ஒரு காலைப் பொழுதை இழந்தேன். தோட்டத்து டிக்கெட்டையும் இலையுதிர் காலத்தில் முன்பதிவு செய்யாமல் நம்ப முடியாது.

புக்சோன் ஹனோக் கிராமம் எல்லோர் பட்டியலிலும் இருக்கும். ஹனோக் என்றால் கொரிய மரபு வீடு. அங்கே இருப்பவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். தொல்லை தாங்காமல், முக்கியமான பகுதியில் மாலை ஐந்திலிருந்து காலை பத்து வரை சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது என்று விதி போட்டு, மீறினால் அபராதமும் வைத்திருக்கிறார்கள். போனால் பகலில், மெதுவாகப் பேசிக்கொண்டு, அரை மணி நேரம். நாம்சான் கோபுரம், 555 மீட்டர் உயர லோட்டே கோபுரம் இரண்டில் ஒன்று போதும், வானம் தெளிவாக இருக்கும் மாலையில்.

வெளியூர் போக மூன்று நாள் இல்லை, ஒரே நாள்தான் என்பவர்களுக்கு நான் சொல்வது சுவோன். சியோல் மெட்ரோவிலேயே சுமார் ஒரு மணி நேரம். ஹ்வாசோங் கோட்டைச் சுவர் கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் கிலோமீட்டர் ஊரைச் சுற்றி ஓடுகிறது. மேலே நடக்கலாம். இதைக் கட்டியவரும் அந்த நூலகத்து ஜோங்ஜோ அரசர்தான். அவருடைய அப்பா பட்டத்து இளவரசர் சாடோவை, 1762-இல் தாத்தாவான அரசரே அரிசிப் பெட்டியில் அடைத்துச் சாகவிட்டார். அரியணை ஏறிய மகன் அப்பாவின் கல்லறையைச் சுவோனுக்கு அருகில் மாற்றி, பக்கத்தில் ஒரு புது நகரத்தையே எழுப்பினார், 1794 முதல் 1796 வரை. போரில் சேதமான இந்தக் கோட்டையை 1970-களில் சரிசெய்தபோது கைகொடுத்தது 1801-இல் அச்சிட்ட கட்டுமானப் பதிவேடு. வரைபடம், பொருள், கூலி, வேலை செய்தவர்களின் பெயர் வரை அதில் உண்டு. மறுபடி கட்டியது என்றால் மட்டமாக நினைப்பவர்கள் சுவோனைப் பார்க்க வேண்டும். எழுதி வைத்திருந்ததால் திரும்பக் கிடைத்த ஊர் அது.

மூன்று ஊர்கள்

ஜோன்ஜுவை முதலில் முடித்துவிடுகிறேன். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேர அளவில் போய்விடலாம். எழுநூறுக்கு மேற்பட்ட ஓட்டு வீடுகள் நெருக்கமாக நிற்கும் ஹனோக் கிராமம்தான் ஈர்ப்பு. வீடியோவில் பார்த்தால் ஏதோ ஜோசோன் காலத்து ஊர் என்று தோன்றும். பெரும்பாலானவை 1920-கள், 30-களில் எழுந்தவை. ஜப்பானிய வணிகர்கள் நகரத்தின் நடுப்பகுதியைப் பிடித்தபோது, கொரியக் குடும்பங்கள் ஒதுங்கி வந்து தங்கள் முறையிலேயே வீடு கட்டிக்கொண்ட இடம். அந்தக் காரணத்துக்காகவே எனக்கு அந்தத் தெருக்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இன்று வீட்டுக்கு வீடு காபிக் கடை, ஹன்போக் வாடகைக் கடை, குச்சியில் செருகிய தின்பண்டம். வார இறுதியில் நடக்கவே இடம் இருக்காது.

இங்கே தவறவிடக் கூடாதது கியோங்கிஜோன். தேஜோவின் உருவப்படத்தை வைக்க 1410-இல் கட்டிய ஆலயம். அதன் வளாகத்தில் ஒரு சின்ன ஆவணக் காப்பகம் இருக்கிறது, பலர் எட்டிப் பார்க்காமலே போய்விடுவார்கள். ஜோசோன் அரசர்களின் நாட்குறிப்பு வரலாற்றை நான்கு படி எடுத்து நான்கு ஊரில் வைத்திருந்தார்கள். 1592 போரில் மூன்று படிகள் எரிந்தன. ஜோன்ஜுவில் இருந்ததை ஆன் உய், சோன் ஹோங்-ரோக் என்ற இரண்டு உள்ளூர் அறிஞர்கள், வயதான காலத்தில், மூட்டைகளாகக் கட்டி நேஜாங் மலைக்குக் கொண்டுபோய்க் காவல் இருந்து காப்பாற்றினார்கள். ஜோசோனின் முதல் இருநூறு ஆண்டு வரலாறு இன்று நாள்வாரியாகக் கிடைப்பது அந்த இருவரால். சாப்பாட்டுக்காகவே ஜோன்ஜு போகிறவர்கள் நிறையப் பேர். பிபிம்பாப் சோறு இந்த ஊர்ப் பெயரோடுதான் பேசப்படும். சாப்பாடும் தெருச்சுற்றலும் பிடித்த இளைய கூட்டத்துக்கு ஓர் இரவு ஜோன்ஜு மிகச் சரி. மூன்று நாளுக்கு அங்கே விஷயம் போதாது.

ஆண்டோங் எனக்கு மூன்றிலும் நெருக்கமான ஊர். அதனாலேயே கவனமாகச் சொல்கிறேன். ஹாஹ்வே என்றால் ஆறு திரும்பும் இடம். நாக்டோங் ஆறு கிராமத்தை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ரியூ குலத்தார் அறுநூறு ஆண்டாக வாழும் ஊர். ஓட்டு வீடும் கூரை வீடும் கலந்து நிற்கின்றன, இன்றும் குடியிருக்கிறார்கள், கொல்லையில் மிளகாய் காய்கிறது. 1999-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத் தம் பிறந்தநாளில் வந்துபோனது இங்கேதான். ஊர் முகமூடி ஆட்டத்தில் பண்ணையார்களையும் துறவிகளையும் கேலி செய்வார்கள். கேலிக்கு ஆளான அதே குடும்பங்களின் ஊரில் அது தலைமுறைகளாக நடந்துவந்திருக்கிறது.

ஹாஹ்வேயிலிருந்து கொஞ்ச தூரத்தில் பியோங்சான் சோவோன், பழைய கன்பூசியக் கல்விச்சாலை. போகிற பாதையே சரளைக்கல். உள்ளே போய் வகுப்பு நடந்த மரத்தளத்தில் உட்கார்ந்து வெளியே பாருங்கள். முன்னால் மாண்டேரு என்ற நீளமான மாடி, சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும். கீழ்த்தூண்கள் வளைந்த மரத்தை வளைந்தபடியே நட்டவை. தூணுக்குத் தூண் இடைவெளியில் ஆறும் எதிர்க்கரைக் குன்றும் ஏழு துண்டாகத் தெரிகின்றன. படம் மாட்டாத ஏழு சட்டங்களுக்குள் ஒரு மலை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேறு எதுவும் இல்லை, வேறு எதுவும் வேண்டியதும் இல்லை.

அப்படியானால் ஏன் தங்கைக்கு ஆண்டோங் சொல்லவில்லை? தூரம்தான். ஹாஹ்வே நகரத்துக்கு மேற்கே, டோசான் கல்விச்சாலை வடக்கே, கொரியாவின் மிகப் பழைய மரக்கட்டடம் உள்ள போங்ஜோங்சா கோயில் இன்னொரு பக்கம். பேருந்து அரிது. பியோங்சானுக்கு ஒரு நாளில் விரல்விட்டு எண்ணும் தடவைதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டம் போச்சு. கார் ஓட்டத் தெரிந்து, சர்வதேச உரிமம் எடுத்து, வாடகைக் கார் பிடிப்பவர்களுக்கு ஆண்டோங்தான் முதல் இடம் என்று சொல்வேன். பத்து வயதுப் பையனையும் முழங்கால் வலியையும் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களுக்கு வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் அந்த வட்டாரத்தில் பரவிய பெருங்காட்டுத்தீ ஹாஹ்வே, பியோங்சான் பக்கம் வரை நெருங்கியது. அவை தப்பின. அருகிலுள்ள உய்சோங்கில் கோஉன்சா கோயிலின் பல கட்டடங்கள் எரிந்துபோயின. மரம் எரியும் என்று மேலே எழுதினேனே, அது பழங்கதை இல்லை.

கியோங்ஜு

பழைய சில்லா நாட்டின் தலைநகரம். மரபுக் கணக்குப்படி கி.மு. 57 முதல் கி.பி. 935 வரை, ஆயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஒரே ஊர் தலைநகராக இருந்திருக்கிறது. அந்த நகரத்தின் மர வீடுகளும் அரண்மனைகளும் போய்விட்டன. மண்ணும் கல்லும் நின்றுவிட்டன.

மண் என்று சொல்வது கல்லறை மேடுகளை. நகரின் நடுவிலேயே, கடைத்தெருவுக்குப் பக்கத்தில், புல் போர்த்திய மேடுகள் எழுந்து நிற்கின்றன. பெரியது ஹ்வாங்நாம் தேசோங், இரண்டு மேடு ஒட்டிய அரசன், அரசி கல்லறை. 120 மீட்டர் நீளம், ஏழு மாடி உயரம் இருக்கும். இந்த மேடுகள் தப்பியதற்கு அவற்றைக் கட்டிய விதமே காரணம். முதலில் மரப்பெட்டி அறை. அதைச் சுற்றிலும் மேலும் ஆளுயரத்துக்கு மேல் உருண்டைக் கற்களைக் கொட்டுவார்கள். அதன்மேல் மண். வாசலும் இல்லை, நடைவழியும் இல்லை. உள்ளே மரம் மக்கியதும் கற்கள் சரிந்து அறையை நிரப்பிவிடும். திருட வருகிறவன் தோண்டத் தோண்டக் கல் உருண்டு விழுந்துகொண்டே இருக்கும். பக்கத்து நாடான பெக்ஜேயின் அரச கல்லறைகளில் வழி வைத்துக் கட்டியதால் கொள்ளையர்கள் எளிதில் புகுந்தார்கள். 1971-இல் தற்செயலாகக் கிடைத்த முரியோங் அரசர் கல்லறை போலத் தப்பியது அபூர்வம். சில்லாவின் தங்கம் மட்டும் அப்படியே கிடந்தது. முதல் தங்க மகுடம் 1921-இல் வெளிவந்தது, யாரோ வீட்டு வேலைக்குப் பள்ளம் தோண்டியபோது. ஹ்வாங்நாம் தேசோங்கைத் திறந்தபோது இன்னொரு வியப்பு: தங்க மகுடம் இருந்தது அரசியின் மேட்டில். அரசனுக்கு வைத்தது தங்க முலாம் பூசிய வெண்கலம்.

1973-இல் அகழ்ந்த சோன்மாசோங் கல்லறைக்குள் நாமே நுழையலாம். கற்குவியல் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதை வெட்டுமுகமாகக் காட்டுகிறார்கள். மேலே சொன்னதைப் பையனுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இந்த மேடுகள் இருக்கும் தேருங்வோன் பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, சோன்மாசோங்குக்கு மட்டும் உண்டு. எல்லாம் சமதரை, உட்கார இடம் உண்டு, மாமியாரும் சிரமமில்லாமல் நடப்பார்.

அங்கிருந்து நடந்தே சோம்சோங்தே போய்விடலாம். ஏழாம் நூற்றாண்டில் சோன்டோக் அரசி காலத்தில் எழுந்த வானாய்வுக் கோபுரம், ஒன்பது மீட்டர்தான், பால் பாத்திரம் போன்ற வடிவம். முதலில் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். 2016 செப்டம்பரில் கியோங்ஜுவை 5.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோதும் இது விழவில்லை என்று தெரிந்தபின் வேறு மாதிரித் தெரியும். அக்டோபரில் சுற்றிலும் இளஞ்சிவப்புப் புல் பூத்திருக்கும்.

இரவில் தங்கச் சொன்னதன் காரணம் வோல்ஜி. 674-இல் முன்மு அரசர் வெட்டிய அரண்மனைக் குளம். கரை மண்டபங்கள் இப்போது கட்டியவை, குளம் பழையது. இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். கூரை விளக்குகள் தண்ணீரில் தலைகீழாக விழுந்து, எது கரை எது பிம்பம் என்று கண் தடுமாறும். 1975-இல் குளத்தைத் தூர்வாரியபோது முப்பதாயிரம் பொருட்கள் வரை சேற்றில் கிடைத்தன. அவற்றில் ஒன்று பதினான்கு முகமுள்ள மரப் பகடைக்காய். ஒவ்வொரு முகத்திலும் மது விருந்தில் தோற்றவர் செய்ய வேண்டிய காரியம்: மூன்று கோப்பையை ஒரே மூச்சில் குடி, இசை இல்லாமல் ஆடு, இப்படி. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு சேற்றில் கெடாமல் கிடந்த அந்தப் பகடை, பாதுகாப்பதற்காக உலர்த்தும்போது கருவிக்குள்ளேயே எரிந்துபோனது. இன்று நாம் பார்ப்பது நகல். இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் முழுசாக இருக்கும் எந்த மரப்பொருளையும் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

இரண்டாம் நாள் புல்குக்சா, சோக்குராம். ஊரிலிருந்து 10 அல்லது 11-ஆம் எண் பேருந்து. புல்குக்சா கோயிலை 751-இல் கிம் தே-சோங் தொடங்கினார். மர மண்டபங்கள் 1593-இல் எரிந்தன, இப்போதைய வடிவம் 1969-73 திருப்பணியில் வந்தது. ஆனால் கோயிலைத் தாங்கும் கல்மேடை, கல்படிகள், முற்றத்தில் நிற்கும் இரண்டு கல்கோபுரங்கள் எட்டாம் நூற்றாண்டுடையவை. ஒன்று அலங்காரமான தாபோதாப், பத்து வோன் நாணயத்தில் இருப்பது. மற்றது எளிமையான சோக்காதாப். சோக்காதாப்பின் வயிற்றிலிருந்து 1966-இல் ஓர் அச்சுச் சுருள் கிடைத்தது, உலகின் மிகப் பழைய மரப்பலகை அச்சுகளில் ஒன்று.

சோக்குராம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். மலை உச்சிக்கு அருகில், கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிய குவிமாடத்துக்குள் கிழக்குக் கடலைப் பார்த்து அமர்ந்த புத்தர். அவ்வளவு பெரிய கலைப்படைப்பைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, பின்னால் வரிசை நகர, இரண்டு நிமிடம் பார்க்கலாம். படம் எடுக்கக் கூடாது. காரணம் தெரிந்தால் கோபம் வராது. 1913-15-இல் ஜப்பானியப் பொறியாளர்கள் பழுதுபார்க்கிறேன் என்று குகையைச் சிமெண்டால் மூடினார்கள். அதுவரை கல்லின் இடுக்குகள் வழியே மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அறையில் ஈரம் தங்கிப் பாசி பிடித்தது. அதைச் சரிசெய்யப் போய்த்தான் கண்ணாடியும் குளிர்சாதனமும். வாசலிலிருந்து குகை வரை மரநிழலில் ஒரு சமமான பாதை போகிறது. எனக்கு அந்த நடையும் புத்தரின் முகமும் சேர்ந்தே நினைவில் நிற்கின்றன. மேலே போக 12-ஆம் எண் பேருந்து இருக்கிறது, நடந்து ஏறுவது இளவட்டங்களுக்கு மட்டும்.

தங்க இடம் தேருங்வோன் பக்கத்தில் பாருங்கள். போமுன் ஏரிக்கரை ஓட்டல்கள் வசதியானவை, ஆனால் இரவில் வோல்ஜிக்கு நடந்து வர முடியாது. பழைய ஓட்டு வீட்டில் தங்குவதானால் கட்டில் உண்டா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். அங்கே வழக்கம் சூடான தரையில் மெத்தை விரித்துப் படுப்பது. தரையிலிருந்து எழ முடியாதவர்களுக்கு அது தண்டனையாகிவிடும். கேடிஎக்ஸ் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, டாக்ஸியோ பேருந்தோ பிடிக்க வேண்டும்.

சாப்பாடு: மாமியார் சுத்த சைவம். கொரியாவில் காய்கறி நிறைய, சைவம் குறைவு. கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ பெரும்பாலும் இருக்கும், சூப்புகள் நெத்திலி வேகவைத்த நீரில் செய்வது. கியோங்ஜுவில் தேருங்வோன் அருகே இலையில் சோறும் கூட்டும் சுருட்டிச் சாப்பிடும் சாம்பாப் கடைகள் உண்டு, கறியும் மீனும் இல்லாத கூட்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கையில் இருக்கட்டும். 1939 முதல் இந்த ஊரில் செய்யும் ஹ்வாங்நாம் ரொட்டிக்குள் சிவப்புப் பயறுப் பூரணம். மாவில் முட்டை உண்டு என்பதை மட்டும் அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தங்கை கேட்ட கடைசிக் கேள்வி: “நம்ம ஊர் இளவரசி கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனாளாமே, அந்த ஊர்?” அது கிம்ஹே, பூசானை ஒட்டியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த வரலாற்று நூல், அயுதா என்ற நாட்டிலிருந்து பதினாறு வயது இளவரசி கி.பி. 48-இல் கப்பலில் வந்து சுரோ அரசரை மணந்தாள் என்கிறது. அயுதா அயோத்தி என்று ஒரு சாரார், தென்தமிழ்நாடு என்று ஒரு சாரார். சுரோ கல்லறை வாசலில் இருக்கும் இரட்டை மீனையும், கொரிய மொழியில் அம்மாவை ‘ஓம்மா’, அப்பாவை ‘அப்பா’ என்பதையும் நம் பக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். சொன்ன காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவே ஆயிரத்திருநூறு ஆண்டு இருக்கிறது, அதனால் நான் எந்தப் பக்கமும் பேசுவதில்லை. ஆனால் அரசியின் கல்லறையும், கடல் அலையை அடக்க அவள் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் சிவப்பேறிய கல்லடுக்கும் அங்கே இருக்கின்றன. அந்தக் கல்லுக்கு முன் நிற்கும்போது மனம் கொஞ்சம் அசையத்தான் செய்தது. பூசான் விமான நிலையம் வழியாகத் திரும்புகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். கியோங்ஜுவிலிருந்து ஒரு நாளைப் பிய்த்துக் கொடுக்க வேண்டாம்.

ஜேஜு தீவையும் மாப்பிள்ளை கேட்டார். எரிமலையும் கடலும் அருமை, அதற்குத் தனிப் பயணம் வேண்டும்.

அக்டோபர் போகிறவர்கள் சூசோக் என்ற அறுவடைப் பண்டிகை எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், ரயிலில் இடம் கிடைக்காது. அக்டோபர் 3, 9 அரசு விடுமுறை. போனில் நேவர் மேப் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு டி-மணி அட்டை எல்லா ஊர்ப் பேருந்திலும் செல்லும்.

தங்கை கடைசியில் ஞாயிறு மதியம் சியோலிலிருந்து கிளம்பி, வார இறுதிக் கூட்டம் கலைந்த கியோங்ஜுவில் செவ்வாய் மதியம் வரை இருப்பது என்று முடிவு செய்திருக்கிறாள். செவ்வாய் காலைக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே இடம், தேசிய அருங்காட்சியகம். தங்க மகுடத்தைப் பார்த்துவிட்டு வெளியே முற்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே 771-இல் வார்த்த சோங்டோக் அரசரின் மணி தொங்குகிறது, கிட்டத்தட்ட 19 டன். வார்க்கும்போது ஒரு குழந்தையைப் பலியிட்டதாகவும், மணி ஒலிக்கும்போது அது ‘எமில்லே’ என்று அம்மாவைக் கூப்பிடுவதாகவும் ஊரில் கதை. இப்போது வழக்கமாக அதை அடிப்பதில்லை. பதிவு செய்த ஒலியைக் குறித்த இடைவெளியில் போடுவார்கள். பக்கத்தில் உட்கார இடம் இருக்கிறது. அடுத்த ஒலி வரும்வரை மாமியாரோடு அங்கே உட்கார்ந்திருக்கச் சொன்னேன்.